ஒசாத்தியின் கைகள்: நம் வீடுகளில் பராமரிப்பு நடந்த வரலாறு

நம் மாவட்டத்து முஸ்லிம்களின் வரலாற்றை எழுத முற்படுவோர் பள்ளிவாசல்களிலிருந்து தொடங்குவது வழக்கம். தேங்காய்ப்பட்டணத்துப் பழைய பள்ளி, திருவிதாங்கோட்டுப் பள்ளி, தக்கலையில் ஞானியார் பீர் முஹம்மது அப்பா அடங்கியிருக்கும் இடம், குளச்சல் துறைமுகம் ஆகியவற்றைப் பற்றிப் பலரும் எழுதியிருக்கின்றனர். இவ்வூர்களில் பிறந்த குழந்தைகளை முதலில் கையில் ஏந்தியவள் யார், முதியவர்களின் உடலைக் கடைசியாகக் கழுவியவள் யார் என்று எழுதியவர்களோ மிகச் சிலர். அவளுக்கு நினைவுச் சின்னம் ஏதுமில்லை. பல குடும்பங்களில் அவளுடைய பெயரும் நினைவில் இல்லை. 'ஒசாத்தி' என்ற தொழிற்பெயர் மட்டுமே எஞ்சியிருக்கிறது.

மலபாரிலும் திருவிதாங்கூரிலும் முஸ்லிம் நாவிதர்கள் ஒஸ்ஸான் என அழைக்கப்பட்டனர். தமிழகத்தின் கடற்கரை ஊர்களில் ஒஸா என்பது வழக்கு. ஆண்களுக்கு முடி திருத்துவதும், சிறுவர்களுக்குச் சுன்னத் செய்வதும், குழந்தையின் ஏழாம் நாளில் தலைமுடி களைவதும் அவருடைய பணிகள். அவருடைய வீட்டுப் பெண் மருத்துவச்சி. பேறு பார்ப்பதோடு அவளுடைய வேலை முடிந்துவிடுவதில்லை. பெற்றவளுக்கு எண்ணெய் தேய்த்து, இலைகளிட்டுக் காய்ச்சிய வேது வெந்நீர் ஊற்றி, வயிற்றைத் துணியால் இறுக்கிக் கட்டுவாள். குழந்தையைக் கால் நீட்டிக் கிடத்திக் குளிப்பாட்டுவாள். கருப்பட்டியும் பூண்டும் சீரகமும் சேர்த்த பேறுகால மருந்தைக் கிளறிக் கொடுப்பாள். இந்தப் பணிவிடை நாற்பது நாள் வரை நடக்கும். அதே வீட்டில் மூத்த பெண்மணி ஒருவர் படுத்த படுக்கையானால் அவரைத் துடைத்து உடை மாற்றவும், மரணித்தால் மையித்தைக் குளிப்பாட்டவும் பெரும்பாலும் அவளுக்கே அழைப்பு போகும்.

இன்று வீட்டுப் பராமரிப்பு என்று சொல்லப்படுவதை முழுவதும் ஒரு பெண்ணின் தோளில் ஏற்றியிருந்தோம். அதற்குக் கூலியாக நெல்லும் தேங்காயும், நோன்புப் பெருநாளுக்கு ஒரு புடவையும் கொடுத்தோம். வீட்டின் பின்வாசல் வழியாக வந்து போக அவளை அனுமதித்தோம். பெண் கொடுக்கவோ எடுக்கவோ மட்டும் இல்லை.

இதனை நம் மீது வெறுப்புக் கொண்டவர்கள் கூறிய அவதூறு எனத் தள்ளிவிட இயலாது. 1909-ல் எட்கர் தர்ஸ்டன் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள் பற்றிய பெருந்தொகுப்பில் மாப்பிள்ளைமாரிடையே ஒஸ்ஸான் எனும் நாவிதப் பிரிவு இடம்பெற்றிருக்கிறது. சமூகவியலாளர் விக்டர் டிசூசா 1959-ல் மாப்பிள்ளைச் சமூகத்தின் படிநிலைகளை வரிசைப்படுத்தியபோது தங்ஙள், அரபி, மலபாரி, புசலர் ஆகியோருக்கெல்லாம் கீழே ஒஸ்ஸான்களை வைத்தார். அவர் கண்டது மலபார்க் கடற்கரையை என்பது உண்மையே. ஆயினும் கோட்டாறு முதல் தேங்காய்ப்பட்டணம் வரை நம் முதியவர்களை உட்கார வைத்துக் கேட்டால், அந்த வரிசை நமக்கு அந்நியமானதன்று என்பது விளங்கும். தொழுகை வரிசையில் தோளோடு தோள் நின்றவர்கள் கல்யாணப் பந்தியில் அப்படி நிற்கவில்லை.

மார்க்கம் இதனைக் கற்றுத் தந்ததா? நபி (ஸல்) அவர்களின் குடும்ப வரலாற்றில் ஸல்மா (ரலி) என்றொரு பெண்மணி வருகிறார். விடுதலை செய்யப்பட்ட அடிமை அவர். அபூ ராஃபிஉ (ரலி) அவர்களின் மனைவி. கதீஜா (ரலி) அவர்களின் பேறுகளையும், பின்னர் மாரியா (ரலி) அவர்கள் இப்ராஹீமைப் பெற்றெடுத்ததையும் கவனித்தவர் அவரே என்று சீரா நூல்கள் குறிப்பிடுகின்றன. ஃபாத்திமா (ரலி) அவர்களின் மையித்தைக் குளிப்பாட்டியவர்களிலும் அவருடைய பெயர் உண்டு. பேற்றையும் இறுதிக் குளிப்பையும் கவனித்தது ஒரே கை. நம் ஒசாத்தி செய்ததும் இதே பணிதான். ஸல்மாவின் பெயரை ஆயிரத்து நானூறு ஆண்டுகள் கடந்தும் அறிஞர்கள் பாதுகாத்து வைத்திருக்க, நம் தெருவில் அதே பணியைச் செய்தவளின் பெயரை அறுபது ஆண்டுகளில் நாம் தொலைத்துவிட்டோம்.

இப்னு கல்தூன் 1377-ல் எழுதிய முகத்திமாவில் மருத்துவச்சித் தொழிலுக்குத் தனி இயலே உண்டு. நோக்கத்தால் சிறப்புப் பெறும் தொழில்கள் என அவர் எண்ணிய சிலவற்றுள் மருத்துவமும் எழுத்துக்கலையும் அடங்கும். அவற்றோடு பேறு பார்த்தலையும் சேர்த்தார். பால்குடி மறக்கும் வரை குழந்தைக்கு வரும் நோய்களைத் தேர்ந்த மருத்துவரைவிட மருத்துவச்சியே நன்கு அறிவாள் என்பது அவருடைய கருத்து. ஹனஃபி சட்ட அறிஞர்கள் குழந்தை பிறந்ததை நிரூபிக்க ஒரே மருத்துவச்சியின் சாட்சியத்தை ஏற்றனர். ஷாஃபிஈ அறிஞர்கள் நான்கு பெண்கள் வேண்டும் என்றனர். எண்ணிக்கையில் வேறுபட்டாலும் அவளுடைய சொல்லுக்குச் சட்ட மதிப்பு உண்டு என்பதில் இரு தரப்பும் வேறுபடவில்லை.

மதிப்புடன் பொறுப்பும் சேர்ந்தே வந்தது. மருத்துவம் அறியாத ஒருவர் வைத்தியம் பார்த்துக் கேடு விளைந்தால் ஈடு செய்யும் கடமை அவருக்கு உண்டு என்ற கருத்துடைய ஹதீஸ் அபூதாவூத், நஸாயீ, இப்னு மாஜா ஆகிய தொகுப்புகளில் இடம்பெற்றுள்ளது. சந்தையைக் கண்காணிக்கும் முஹ்தஸிப் என்ற அதிகாரி நிறைகளையும் அளவைகளையும் மட்டும் சோதித்தவர் அல்லர். மருத்துவர்களும் இரத்தம் எடுப்போரும் நாவிதர்களும் அவருடைய பார்வைக்கு உட்பட்டவர்களே. 12-ஆம் நூற்றாண்டில் அஷ்ஷைஸரி எழுதிய ஹிஸ்பா கையேட்டில் இவர்களுக்கான விதிகள் உள்ளன. இரத்தம் எடுக்கப் பழகுபவர் முதலில் கீரை இலையின் நரம்புகளைக் கீறித் தம் கையைப் பழக்க வேண்டும் என்பதும் அவற்றுள் ஒன்று. மனித உடலைத் தொடும் கை முன்கூட்டியே பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்பதற்காக அரசு ஓர் அதிகாரியை வைத்திருந்த காலம் அது.

நம் ஊர்களில் அவளுக்கு மதிப்பும் இல்லை, அவளுடைய வேலையைச் சோதிப்பாரும் இல்லை. இரண்டும் ஒரே காரணத்தால் இல்லாமற்போயின என்பது எங்கள் துணிபு. தாழ்ந்தது என்று ஒதுக்கப்பட்ட வேலையை எவரும் அருகில் சென்று பார்ப்பதில்லை. ஒசாத்தி கையைக் கழுவினாளா, தொப்புள்கொடியை அறுத்த கத்தி எத்தகையது என்று கேட்க அறையினுள் எந்த ஆலிமும் இல்லை; எந்த வைத்தியரும் இல்லை. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் தன் தாயிடமும் மாமியாரிடமும் கண்டவையே. அதில் அரிய அனுபவ அறிவும் இருந்தது. உயிரைக் குடிக்கும் பிழையும் இருந்தது.

அந்தப் பிழையின் பெயர் ரணஜன்னி. துருப்பிடித்த கத்தியாலோ மூங்கில் சிம்பாலோ கொடியை அறுத்து, அதன் மேல் சாம்பலோ சாணமோ வைக்கும் வழக்கம் நாட்டின் பல பகுதிகளில் இருந்தது. மண்ணிலும் சாணத்திலும் வாழும் கிருமி அவ்வழியே உள்ளே புகுந்தால், நன்றாகப் பால் குடித்துக்கொண்டிருந்த குழந்தை ஒரு வாரத்தில் வாய் திறக்க இயலாமல் விறைத்துப்போகும். இதற்கு 'ஏழாம் நாள் நோய்', 'எட்டாம் நாள் நோய்' என்றெல்லாம் உலகின் பல மூலைகளில் பெயர் உண்டு. இதனைப் பார்வைக் குற்றம் என்றும் ஜின்னின் தீண்டல் என்றும் கருதித் தகடு எழுதிக் கட்டியோர் ஏராளம்.

இதனைச் சுட்டி நாட்டு மருத்துவச்சியர் அனைவரையும் அழுக்கின் வடிவமாகச் சித்திரித்தது ஆங்கிலேயர் காலத்து எழுத்து. அதனை அப்படியே ஏற்பது நியாயமாகாது. 1847-ல் வியன்னா நகரின் பெரிய மருத்துவமனையில் இரண்டு பேறுகால விடுதிகள் இருந்தன. மருத்துவ மாணவர்கள் பணியாற்றிய விடுதியில் இறந்த தாய்மாரின் எண்ணிக்கை, மருத்துவச்சியர் பணியாற்றிய விடுதியைவிடப் பன்மடங்கு அதிகம். பிணப் பரிசோதனை செய்த கையோடு மாணவர்கள் பேறு பார்க்க வந்ததே காரணம் என்பதை இக்னாஸ் செம்மல்வைஸ் கண்டறிந்தார். குளோரின் நீரில் கை கழுவச் செய்தவுடன் ஏப்ரலில் நூற்றுக்கு 18 என்றிருந்த மரணம் ஜூனில் 2 அளவுக்கு இறங்கியது. அவருடைய சக மருத்துவர்கள் பலர் அவர் சொன்னதை ஏற்க மறுத்தனர். ஆக, கழுவாத கையால் உயிர் போனது ஐரோப்பிய மருத்துவமனையிலும் உண்டு. ஒளூச் செய்யப் பழகிய நம் வீடுகளில் கை கழுவும் பாடத்தை ஒசாத்திக்கு எடுத்துச் சொல்வது அத்தனை கடினமா என்ன? சொல்லத்தான் ஆள் இல்லை.

சொல்ல முன்வந்தவர்கள் வேறு இடத்திலிருந்து வந்தார்கள். 1838-ல் டாக்டர் ஆர்ச்சிபால்ட் ராம்சே நெய்யூரில் லண்டன் மிஷன் மருத்துவப் பணியைத் தொடங்கினார். 1860களில் டாக்டர் ஜான் லோ உள்ளூர் இளைஞர்களுக்கு அங்கே மருத்துவ வகுப்பு நடத்தினார். 1893-ல் நாகர்கோவிலில் இரட்சணிய சேனையின் ஹாரி ஆண்ட்ரூஸ் ஒரு குளியலறையில் மருந்துப் புட்டிகளை அடுக்கித் தொடங்கிய சிறு மருந்தகம் பின்னர் காதரின் பூத் மருத்துவமனையாக வளர்ந்தது. எவரெஸ்ட் சிகரம் ஏற வந்த டாக்டர் சாமர்வெல் 1922-ல் நெய்யூரைக் கண்டு, அங்கே குவிந்திருந்த நோயாளர் கூட்டத்தை விட்டுப் போக மனமில்லாமல் திரும்பி வந்து பல ஆண்டுகள் பணியாற்றினார். நம் மக்களும் காய்ச்சலுக்கும் கட்டிக்கும் அங்கே சென்றனர். பேறு மட்டும் வீட்டை விட்டு வெளியேறவில்லை. ஆண் மருத்துவர் முன்னிலையில் நம் பெண்கள் எப்படிப் படுப்பார்கள் என்ற தயக்கம் வலுவாக இருந்தது. சென்னையில் இதே தயக்கத்தைக் கருதி 1885-ல் மேரி ஷார்லிப் முயற்சியால் கோஷாப் பெண்களுக்கென்றே மருத்துவமனை ஒன்று தொடங்கப்பட்டது. நாஞ்சில் நாட்டிலிருந்து சென்னை எவ்வளவு தூரம்!

மருத்துவமனைக்கு வராத பேற்றைத் தேடி வீட்டுக்கே செல்ல வேண்டும் என்பதைத் திருவிதாங்கூரில் நன்கு உணர்ந்தவர் டாக்டர் மேரி புன்னன் லூக்கோஸ். லண்டனில் மருத்துவம் பயின்று 1916-ல் திரும்பிய அவர் திருவனந்தபுரம் தைக்காட்டு மகளிர் மருத்துவமனையில் பொறுப்பேற்றார். வெளியிலிருந்து படித்த மருத்துவச்சிகளைக் கிராமத்துக்கு அனுப்பினால் எந்த வீட்டிலும் கதவு திறக்கப் போவதில்லை. ஆகவே ஏற்கெனவே பேறு பார்த்துவந்த மருத்துவச்சியரின் மகள்களையே அழைத்துப் பயிற்சி அளித்தார். தாய்மேல் ஊருக்கு இருந்த நம்பிக்கை மகளுக்கும் கிடைத்தது. மருத்துவமனையில் கற்ற தூய்மையும் அவளோடு வீட்டுக்குள் நுழைந்தது. 1938-ல் சமஸ்தானத்தின் சர்ஜன் ஜெனரலாக உயர்ந்த அவரே நாகர்கோவிலில் காசநோய் மருத்துவமனை அமையவும் காரணமாக இருந்தார். நாட்டில் இப்பதவிக்கு வந்த முதல் பெண் அவர்.

எத்தனை எளிய வழி! இதனை நம் ஜமாஅத்துகள் செய்திருக்கலாம். பள்ளிவாசல் வக்ஃபு வருமானத்தில் ஓர் ஒசாத்தியின் மகளைத் தைக்காட்டுக்கு அனுப்புவதற்கு ஆகும் செலவு ஒரு கந்தூரிச் செலவில் சிறு பகுதிதான். அனுப்பியதாக நாங்கள் கேட்டறிந்த முதியவர் எவரும் சொல்லவில்லை.

பிறகு சட்டமும் காலமும் நகர்ந்தன. சென்னை மாகாணத்தில் 1926-ல் செவிலியர், மருத்துவச்சியர் பதிவுக்குச் சட்டம் வந்தது. நாம் அப்போது திருவிதாங்கூரில் இருந்தோம். 1946-ல் போர் குழு, போதிய மருத்துவச்சிகள் உருவாகும் வரை நாட்டு மருத்துவச்சிகளுக்குப் பயிற்சி தர வேண்டும் என்று பரிந்துரைத்தது. 1956 நவம்பர் 1-இல் கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தது. ஆரம்ப சுகாதார நிலையங்கள் பெருகின. கர்ப்பிணிகளுக்குத் தடுப்பூசி வந்தது. 2015-ல் தாய்க்கும் சிசுவுக்கும் வரும் ரணஜன்னியை ஒழித்த நாடாக இந்தியா அறிவிக்கப்பட்டது. இன்று தமிழகத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கும் மேற்பட்ட பேறுகள் மருத்துவமனைகளிலேயே நடக்கின்றன. அல்ஹம்துலில்லாஹ். ஒசாத்தியின் பேரப்பிள்ளைகள் படித்து வேறு வேலைகளுக்குச் சென்றுவிட்டனர். அவர்களுள் எவரும் அந்தப் பெயரைத் திரும்பக் கேட்க விரும்பமாட்டார்கள். அதற்கு அவர்களுக்கு முழு உரிமையும் உண்டு.

இத்துடன் கதை முடிந்தது என்றே நாங்களும் நினைத்திருந்தோம். எங்கள் உம்மா பக்கவாதத்தில் விழும் வரை.

பிள்ளைகளில் இருவர் வளைகுடாவில், ஒருவர் சென்னையில். நம் மாவட்டத்தில் இத்தகைய வீடுகள் எத்தனையோ உண்டு. ஏஜென்சி ஒன்றின் மூலம் ஒரு பெண்ணை வைத்தோம். 'ஹோம் நர்ஸ்' என்றுதான் எங்களிடம் சொல்லப்பட்டது. எங்கே படித்தார் என்று நாங்கள் கேட்கவில்லை. மாதச் சம்பளத்தைக் குறைக்க மட்டும் பேரம் பேசினோம். மூன்றாவது வாரத்தில் உம்மாவின் இடுப்புக்குக் கீழே தோல் கறுத்து, பிறகு குழிந்தது. மருத்துவரிடம் காட்டியபோதுதான் அது படுக்கைப்புண் என்று தெரிந்தது. அந்தப் பெண்ணை அழைத்துக் கடிந்துகொண்டோம். அவர் அழுதுகொண்டே சொன்னார்: முந்தைய மாதம் வரை அவர் அண்டி ஆபீசில் முந்திரி உடைத்துக்கொண்டிருந்தவர். படுத்திருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்ற வேண்டும் என்று அவருக்கு எவரும் சொல்லித் தரவில்லை. ஏஜென்சியும் சொல்லவில்லை, நாங்களும் சொல்லவில்லை. எங்களுக்கே தெரியாது.

அன்றிரவு எங்களில் ஒருவர் வேறொன்றைக் கவனித்தார். அவர் பின்திண்ணையில் தனித் தட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அப்படிச் சாப்பிடச் சொன்னவர் யாருமில்லை. வந்த முதல் நாளே தட்டு அங்கே வைக்கப்பட்டிருந்தது, அவ்வளவுதான். ஒசாத்திக்கு எந்தத் திண்ணையில் நெல் அளந்து போடப்பட்டதோ, அதே திண்ணை.

வீட்டுக்குள் பராமரிப்புச் செய்யும் இப்பெண்களின் பயிற்சியையும் அவர்களை அனுப்பும் நிறுவனங்களையும் கண்காணிக்க நம் நாட்டில் முறையான ஏற்பாடு இன்னும் அமையவில்லை. பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தைத் திருத்தி, வீட்டுப் பராமரிப்பு நிறுவனங்களைப் பதிவுக்குக் கொண்டுவரும் மசோதா 2019 டிசம்பரில் மக்களவையில் முன்வைக்கப்பட்டது, அது சட்டமாகவில்லை. முஹ்தஸிப் இருந்த இடம் வெற்றிடமாகவே கிடக்கிறது.

ஆயினும் பக்கத்து மாநிலத்தில் மக்களே முன்னின்று செய்த ஒன்று உண்டு. 1993-ல் கோழிக்கோட்டில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ் குமாரும் மற்றவர்களும் சேர்ந்து வலி, தணிப்புச் சிகிச்சைக்கான சங்கம் ஒன்றைத் தொடங்கினர். அடுத்த பத்தாண்டுக்குள் அது மலப்புரத்தின் கிராமங்களில் அக்கம்பக்கத்தார் வலைப்பின்னலாகப் பரவியது. கடைக்காரரும் மாணவரும் இல்லத்தரசியும் முதலில் பயிற்சி பெற்ற பின்னரே படுக்கையில் கிடப்போரின் வீடுகளுக்குச் சென்றனர்; செவிலியர் அவர்களை வழிநடத்தினர். செலவுக்கு ஊரே சிறு தொகைகளைச் சேர்த்துத் தந்தது. 2008-ல் கேரள அரசு இதனைக் கொள்கையாகவே அறிவித்தது. அங்கே புண்ணைத் துடைப்பது ஒரு குலத்தின் வேலையாக எண்ணப்படவில்லை. ஒஸ்ஸானைக் கடைசியில் வைத்த அதே மாப்பிள்ளை நாட்டில் இம்மாற்றம் நடந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

தமிழகத்தில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இரத்த அழுத்தம், சர்க்கரை நோய் ஆகியவற்றுக்கு வீட்டுக்கே மருந்து தருவதோடு, தணிப்புச் சிகிச்சைச் செவிலியரும் இயன்முறை மருத்துவரும் வீட்டுக்கு வருகின்றனர். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்தாலே போதும். இது நம் தெருக்களில் பலருக்குத் தெரியாது. எங்களுக்கும் புண் வந்த பிறகே தெரிந்தது. ஜும்ஆவுக்குப் பின் ஒரு நிமிடம் அறிவித்தால் எல்லா வீட்டுக்கும் போய்ச் சேரக்கூடிய செய்தி.

எங்கள் வீட்டுக்கு வந்த செவிலியர் உம்மாவைப் பார்ப்பதற்கு முன் அந்தப் பெண்ணை அருகில் உட்கார வைத்துப் பேசினார். தோளுக்கும் இடுப்புக்கும் கை கொடுத்துப் புரட்டுவது எப்படி, குதிகாலின் கீழ் தலையணை தொடாமல் உயர்த்தி வைப்பது எப்படி, சிறுநீர்ப் பையை எப்போதும் உடலின் மட்டத்துக்குக் கீழே தொங்கவிடுவது ஏன், தலைப்பக்கத்தை உயர்த்தாமல் கஞ்சி கொடுத்தால் அது நுரையீரலுக்குள் போகும் ஆபத்து என்ன என்பதையெல்லாம் செய்து காட்டினார். பிறகு அவரையே செய்யச் சொல்லிப் பார்த்தார். முழுதும் ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

அவர் ஒரு பள்ளி நோட்டில் நேரம் குறிக்கத் தொடங்கினார். ஃபஜ்ருக்கு வலப்பக்கம், ஏழு மணிக்கு மல்லாந்து, ஒன்பதுக்கு இடப்பக்கம் என்று பக்கங்கள் நிறைந்தன. இரவில் எங்களில் ஒருவர் தஹஜ்ஜுத் தொழ எழும் நேரத்தை அவரோடு பங்கிட்டுக்கொண்டோம். சாப்பாடு உள்ளே, எங்களோடு ஒரே பாயில். முதல் சில நாட்கள் அவருக்கே கூச்சமாக இருந்தது. புண் ஆறச் சில மாதங்கள் ஆயின.

உம்மா மவுத்தானபோது மையித்தைக் குளிப்பாட்டிய பெண்களோடு அவரும் நின்றார். புண் ஆறிய இடத்தில் நீர் மெதுவாக விழட்டும் என்று சொன்னவர் அவரே. மூன்றாம் நாள் விடைபெறும்போது, இரவிபுதூர்கடையில் ஒரு வீட்டில் வேலை கேட்டிருப்பதாகச் சொல்லி, தாம் இன்னின்ன வேலைகள் செய்யக் கற்றிருப்பதாக ஒரு கடிதம் எழுதித் தர முடியுமா என்று கேட்டார். ஒவ்வொன்றாக எழுதி, மூன்று பிள்ளைகளும் கையெழுத்திட்டுக் கொடுத்தோம். நோட்டை அவர் எடுத்துச் செல்ல விரும்பினார். நாங்கள் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டு, மூலத்தை அவரிடமே தந்தோம்.